நீ தொலைக்காத புத்தகம்

பிள்ளை,

இந்தக் கடிதத்தை உன்னிடம் தருபவள் உன்னோடு வேலை செய்யும் தாதிப் பிள்ளைதான். லீவு முடிந்து, வட்டுக்கோட்டையிலிருந்து இன்று மத்தியானம் சைக்கிளில் கரவெட்டிக்குத் திரும்புகிறாள். கடிதத்தோடு ஒரு சின்னப் பொதியும் கொடுத்து விடுகிறேன். கடிதத்தை முழுக்க வாசித்து முடிக்கும்வரை அந்தப் பொதியை அவிழ்க்காதே. நாளை மறுநாள் நானும் உன்னிடம் வருகிறேன். நேரில் வருகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நான் வந்து உன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். காலையிலிருந்து ஆமி ஹெலிகொப்டர் ஒன்று மாதகல் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கிட்ட வரும்போதெல்லாம் பேனையை வைத்துவிட்டு எழும்பி நிற்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

ஆறு மாதமாக உன்னைக் கனடாவுக்குப் போ என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இருக்கிற மாமா எல்லா ஒழுங்கும் செய்து கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். போன மாதம் நீ வந்தபோது உன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். நீ சத்தம் போடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாய்: "பிரசவ வார்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான் அம்மா. நான் போனால் அவள் தனிய. எனக்கும் பயம்தான். ஆனால் போகேலாது." நான் குசினியை விட்டு வெளியே போனேன். கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, பிள்ளை. உன் வாயிலிருந்து உன் அப்பாவின் குரல் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு நான் ஒரு பாவத்தைச் செய்து நிறுத்தப் பார்த்த குரல் அது.

உன் அப்பாவை உனக்கு அமைதியான மனிதராகத்தான் தெரியும். கல்யாணம் செய்தபோது நான் கண்டவர் வேறு ஆள். மின்னல் அடித்தால் யன்னலெல்லாம் சாத்திவிட்டுக் கட்டிலில் கால் மடக்கி இருப்பார். தெருநாய் நின்றால் வேறு ஒழுங்கையால் சுற்றி வருவார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் ஆய்வுகூட வேலை. கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில் ஒருவரோடும் கதைக்காமல் இருக்கலாம் என்பதால்தான் அந்த வேலை தனக்குப் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எண்பத்து மூன்று ஆடி மாதம் இரண்டு கிழமைப் பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போனார். அங்கே தமிழருக்கு என்ன நடந்ததென்று நாடே அறியும். அவர் ஒரு கடையின் பின்னால் சாமான் அறைக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்தார். பிறகு அகதிகளோடு கப்பலில் வந்து இறங்கினார். துறைமுகத்தில் நீயும் நானும் காத்து நின்றது உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பதினொரு வயது. இறங்கி வந்தவர் உன்னைத் தூக்கவில்லை. கை நடுக்கத்தில் உன்னை விழுத்திவிடுவேனோ என்று பயந்ததாகப் பல மாதம் கழித்துச் சொன்னார்.

அந்த நாட்களில்தான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. தெல்லிப்பழைத் தேவாலயத்தில் பழைய புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து எடுத்து வந்தார். உள்ளங்கை அளவு. ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது அது எழுதப்பட்டு. ஐரோப்பாவில் எங்கோ ஒரு மடத்தில் இருந்த துறவி எழுதியது. எந்தக் காலத்திலோ யாரோ வடசொல் மண்டிய தமிழில் பெயர்த்திருந்தார்கள். எங்கள் போதகர் பார்த்துவிட்டு, "உது கத்தோலிக்கச் சாமியாரின்ரை புத்தகமெல்லோ" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஆனால் விடவில்லை. விடியற்காலை தேத்தண்ணியோடு ஒரு பக்கம். ஒரு பக்கம்தான், கூட வாசிக்க மாட்டார். தனக்குப் பட்ட வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நான் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். சாவைப் பற்றி அது ஒளிவுமறைவில்லாமல் கதைத்தது. மனிதரில் சாய்ந்து நிற்காதே என்றது. எனக்குக் குளிர் பிடித்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இது எங்கள் வீட்டுக்கு நல்லதில்லை என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் அவர் மாறினார். கை நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நடுங்கும் கையோடு எல்லாம் செய்யத் தொடங்கினார். எண்பத்தேழு தொடக்கத்தில் ஒரு மத்தியானம் துறைமுகப் பக்கமிருந்து ஷெல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் பங்கர்க் குழிக்குள். வெளியே ரோட்டில் சைக்கிளில் விறகு கொண்டு போன ஒருவர் விழுந்து கிடந்து தண்ணீர் கேட்டார். அப்பா எழும்பினார்.

"இஞ்சருங்கோ, போகாதையுங்கோ. இன்னும் அடிக்கிறாங்கள்."

"ஓம். எனக்கும் கேக்குது."

"பிள்ளையை யோசியுங்கோ."

"அந்தாள் தண்ணி கேக்கிறார்."

நான் அவருடைய சேட்டைப் பிடித்தேன். அவர் ஏறினார். சேட்டின் கை கிழிந்து என் கையோடு வந்துவிட்டது. அவர் போய்த் தண்ணீர் கொடுத்து, மிச்சச் சேட்டைக் கழற்றி அந்த மனிதரின் தொடையில் கட்டி, சைக்கிளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூன்று மணித்தியாலம் கழித்து வந்தார். அந்த மூன்று மணித்தியாலமும் நான் ஒரு விதவையாகத்தான் பங்கருக்குள் இருந்தேன். நீ என் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இருந்தது. ஆனால் அப்பாமேல் ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னை நடுங்க வைத்தது. இந்தப் புத்தகம் என் புருஷனை எடுத்துவிட்டது, இனி என் பிள்ளையையும் எடுக்கப் போகிறது என்று என் மனம் சொன்னது.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, தலையணைக்குப் பக்கத்தில் இருந்த புத்தகத்தை எடுத்து ஒரு பழந்துணியில் சுற்றி, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் போட்டிருந்த தகரத்தின் அடியில் வைத்தேன். மேலே ஒடியலைக் கொட்டி மூடினேன். அந்தத் தகரத்தை என்னைத் தவிர ஒருவரும் திறப்பதில்லை.

ஆம் பிள்ளை. நான்தான்.

அன்று பின்னேரம் அவர் தேடினார். "இஞ்சரும், என்ரை புத்தகத்தைக் கண்டனீரோ?" என்று கேட்டார். நான் காணவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பொய்யோடு போயிருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்குப் பயந்து, "பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருப்பாள், போன கிழமை கையிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சவள்" என்று சொல்லிவிட்டேன். நீ படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடி வந்தாய். "நான் எடுத்தனான்தான். ஆனால் திருப்பி வைச்சனான், அம்மா." அப்போது நான் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "சரியா வைச்சனியோ? நல்லா யோசிச்சுப் பார்." பதினைந்து வயதுப் பிள்ளையை, செய்யாத ஒன்றைச் செய்தேனோ என்று தன்னையே சந்தேகப்பட வைத்தேன். நீ அழுதாய். அப்பா உன் தலையில் கை வைத்து, "விடு பிள்ளை, புத்தகம்தானே" என்றார். அடுத்த கிழமை முழுக்க நீ பள்ளிக்கூடத்தில் மேசைக்கு மேசை தேடியதை உன் வகுப்பாசிரியை சொல்லி அறிந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தாதிப் பயிற்சிக்குப் போகிற அன்று பெட்டி அடுக்கும்போது நீ மெல்லச் சொன்னாய்: "அம்மா, அப்பாவின்ரை புத்தகத்தை நான்தான் துலைச்சனானோ எண்டு இப்பவும் யோசிக்கிறனான்." நான் உன் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஒளித்து வைத்தும் பலனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் விடிய எழும்பி அதே கதிரையில் வெறுங்கையோடு இருந்தார். உதடு மட்டும் அசையும். நாலு வருஷமாக ஒவ்வொரு பக்கமாக உள்ளே போனதை எந்தத் தகரத்தில் ஒளிக்க முடியும்? தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி நாங்கள் வீட்டை விட்டு வட்டுக்கோட்டைக்கு நடந்தபோது, நான் அந்தத் தகரத்தைத் தூக்கினேன். "உது ஏன்? ஒடியல் அங்கையும் கிடைக்கும்" என்றார். இருக்கட்டும் என்றேன். பாரமென்று என்னிடமிருந்து வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டி, வழி முழுக்க அவரே தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நடந்தேன். அந்தத் தகரத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தபடி நடந்தேன்.

தொண்ணூற்றிரண்டில் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. மருந்து வந்து சேராத காலம். நீ பயிற்சி விடுதியில் இருந்தாய், பாதை திறக்கவில்லை, நீ வந்து சேர ஒரு நாள் பிந்திவிட்டது. கடைசி இரண்டு நாளில் அவர் கதைத்ததை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஒரு காலையில் என் கையைப் பிடித்து, "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். நான் திகைத்துப் போனேன். நீங்கள் பயப்படாத ஆளல்லவா என்று கேட்டேன்.

"ஆர் உமக்குச் சொன்னது?" என்றார். "அண்டைக்குத் தண்ணி குடுக்கப் போகேக்கை உடுத்திருந்த சாரம் பயத்திலை நனைஞ்சு போச்சு. உமக்குத் தெரியாது. பயம் போகட்டும் எண்டுதான் அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினனான். அது போகேல்லை. பயத்தோடையும் நடக்கலாம் எண்டு மட்டும் விளங்கினது."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். தகரத்தைக் கவிழ்த்தேன். துணியை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பழைய உடுப்புக்குள்ளை இருந்தது, இப்பதான் கண்டனான்" என்றேன். அவர் அதை மூக்கருகில் கொண்டு போனார். "ஒடியல் மணக்குது" என்றார். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அவர் என் கையை விடவில்லை. மத்தியானம்போலக் கண்ணைத் திறந்து, "பிள்ளையிட்டைச் சொல்லும், அவள் துலைக்கேல்லை எண்டு" என்றார். அடுத்த நாள் போய்விட்டார். நான் செய்ததை அவர் விளங்கிக்கொண்டாரோ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விளங்கியிருந்தால் மன்னித்திருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மன்னிப்பைக் கேட்கும் சந்தர்ப்பத்தை நானே இல்லாமல் செய்தேன்.

அவர் உனக்குச் சொல்லச் சொன்ன அந்த ஒரு வசனத்தை மூன்று வருஷம் என்னிடமே வைத்திருந்தேன். சொன்னால் புத்தகத்தை உன்னிடம் தர வேண்டி வரும். தந்தால் நீ வாசிப்பாய். வாசித்தால் நீயும் ஒரு நாள் என் கையில் துணியை விட்டுவிட்டுப் போவாய். இதுதான் என் கணக்காக இருந்தது. நீ புத்தகம் இல்லாமலே அந்த வழியில் போய்க்கொண்டிருந்ததை நான் காணவில்லை. விடியற்காலையில் வெறுங்கையோடு இருந்த அந்த மனிதரைப் பார்த்து வளர்ந்தவள் நீ.

இந்த மூன்று வருஷமும் விடிய ஒரு பக்கம் நான்தான் வாசித்தேன். அந்தத் துறவியோடு எனக்குச் சண்டை உண்டு. அவருக்கு மனைவியில்லை, பிள்ளையில்லை. மனிதரைப் பற்றிக்கொண்டிருக்காதே என்று சொல்வது அவருக்குச் சுலபம். அவர் எழுதிய நேரத்தில் தலைக்கு மேலே குண்டு போடும் பொம்பரும் சுற்றவில்லை. ஒரு பிள்ளையைப் பெற்றவள் அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். இன்றைக்கும் அந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. ஆனால் தன்னைத்தானே ஏமாற்றுவதைப் பற்றி அவர் சொல்லும் இடங்களில் எனக்குப் போக்கிடமில்லை. அப்பாவின் பென்சில் புள்ளிகள் அந்தப் பக்கங்களில்தான் அதிகம். என் பொய்யை நான் அன்பு என்று பெயர் வைத்து வளர்த்திருந்தேன் என்பதை, என்னை ஒருபோதும் கண்டிராத ஒரு மனிதர் எப்படி அறிந்தார் என்று நான் திகைப்பதுண்டு.

போன கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வளவுத் தங்கம்மா அக்காவை உனக்குத் தெரியும். அவவும் புருஷன் கந்தையா அண்ணையும் புகையிலைத் தோட்டம் செய்கிறவர்கள். பகல் பதினொரு மணிபோல அவ தோட்டத்தில் தனியே நின்றபோது பொம்பர் வந்தது. நான் பங்கருக்குள் ஓடினேன். குண்டு விழுந்து மண் கொட்டியது. சத்தம் ஓய்ந்ததும் அவவின் குரல் கேட்டது: "ஆரும் இருக்கிறியளோ?" நான் இருந்தேன், பிள்ளை. இருந்தும் பேசாமல் இருந்தேன். அவ இரண்டாம் தரமும் கூப்பிட்டா. மூன்றாம் தரமும் கூப்பிட்டா. பொம்பர் திரும்பி வரும் இரைச்சல் கேட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று பங்கருக்குள்ளேயே கிடந்தது. புகையிலைப் பாத்திகளுக்கு நடுவில் தவழ்ந்து போனேன். அவவின் தோளில் குண்டுச் சிதறல் பட்டு இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. என் சீலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டு அவவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள், விசர் மனுசி" என்றா.

"தெரியேல்லை அக்கா. எனக்குக் கால் நடுங்குது."

"எனக்கும்தான். ஒரு தேவாரம்கூட ஞாபகத்துக்கு வருகுதில்லை. நீங்களாவது ஏதும் சொல்லுங்கோ."

நான் வாயைத் திறந்தேன். வேதாகமத்திலிருந்து ஏதாவது வரும் என்று நினைத்தேன். வந்தது அப்பா புள்ளி வைத்த பக்கம் ஒன்று. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வந்தது. நான் அதைப் பாடமாக்கியதே இல்லை. தங்கம்மா அக்கா கண்ணை மூடிக் கேட்டா. முடிந்ததும், "விளங்கேல்லை. ஆனால் நல்லாக் கிடக்கு, திரும்பச் சொல்லுங்கோ" என்றா. பொம்பர் போகும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ பிழைத்துவிட்டா. இன்று காலை தானே முற்றம் கூட்டினா, ஒற்றைக் கையால்.

அந்தப் பாத்திக்குள் கிடந்தபோதுதான் நீ குசினியில் சொன்ன வசனம் எனக்கு விளங்கியது. எனக்கும் பயம்தான் என்று நீ சொன்னதை நான் அன்று கேட்கவேயில்லை. போகேலாது என்றதை மட்டும் கேட்டேன். ஆகவே இனி உன்னைப் போகச் சொல்ல மாட்டேன். மாமாவுக்கும் எழுதிவிட்டேன். இதனால் என் பயம் குறைந்துவிட்டது என்று எண்ணாதே. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உன் வார்டில் பயந்து கிடக்கிற பெண்களிடம் பயப்படாதே என்று சொல்லாதே. எனக்கு அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனவர்கள்தான். எனக்கும் பயம்தான் என்று சொல்லி, பக்கத்தில் இரு. உன் அப்பா கடைசி இரண்டு நாளும் எனக்குச் செய்தது அதுதான். நோயாளி அவர், தேறியது நான்.

இனிப் பொதியை அவிழ். அது உன்னுடையது. நீ அதைத் தொலைக்கவில்லை. ஒருபோதும் தொலைக்கவில்லை. வாசிப்பதும் விடுவதும் உன் விருப்பம். அப்பா சொல்லச் சொன்னதை மூன்று வருஷம் பிந்திச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க உனக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் எடுத்துக்கொள். அதை நான் அவசரப்படுத்த மாட்டேன்.

நாளை மறுநாள் காலை கந்தையா அண்ணை வெங்காயம் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போகிறார். அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் வருகிறேன். வழியில் வரும் வல்லைவெளியை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. மறைவுக்கு ஒரு பற்றைகூட இல்லாத வெளி. ஆனாலும் வருகிறேன். உன்னைக் கூட்டிப் போக வரவில்லை, அங்கேயே இருக்க வருகிறேன். வார்டில் நீங்கள் இரண்டு பேர்தான் என்றாய். எனக்கு மருந்து தெரியாது. துணி அவிக்கத் தெரியும், கஞ்சி காய்ச்சத் தெரியும், குழந்தையை வாங்கித் துடைக்கத் தெரியும். என்னோடு கதைக்க உனக்கு மனம் வராவிட்டால் கதைக்க வேண்டாம். எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்று மட்டும் கையைக் காட்டு.

அம்மா